ஒத்திகைத் துப்பாக்கி

காலை ஆறு பத்து. அயனம்பாக்கத்தில் நாங்கள் குடிவந்த மறுநாள். பின்கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது ஒரு கைத்துப்பாக்கி. அதைப் பிடித்திருந்த கை அடுத்தது. கைக்கு உரிய ஆள் அதற்கும் பிறகுதான்.

இடுப்பளவுச் சுவருக்கு அந்தப் பக்கம், பக்கத்து வீட்டுக் கொல்லையில், லுங்கியும் பனியனுமாக ஒருவர் பக்கவாட்டில் நின்று வலது கையை நேராக நீட்டியிருந்தார். கழுத்தில் தையல்காரரின் அளவு நாடா தொங்கியது. உதடுகளுக்கு நடுவே சின்னதாக எதையோ கவ்வியிருந்தார். காலில் ரப்பர் செருப்பு. ஒரு செருப்பின் வாரில் ஊக்கு குத்தியிருந்தது. அவருக்கு எதிரே மண் மூட்டை, மூட்டையின்மேல் ஒரு புடவைப் பெட்டியின் அட்டை, அட்டையில் கறுப்பு வட்டம்.

'டப்' என்று ஒரு சத்தம். தலையணையைத் தட்டினால் வருமே, அவ்வளவுதான். உடனே அவருடைய இடது கை மேலே போயிற்று. குழலைப் பிடித்துக் கீழே மடக்கியது, உதட்டிலிருந்து ஒன்றை எடுத்துக் குழலின் பின்வாயில் வைத்தது, குழலை நிமிர்த்தியது. திரும்பவும் 'டப்'. இரண்டு சத்தத்துக்கும் இடையே நான்கு விநாடி. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அவர் என்னைப் பார்த்ததும் துப்பாக்கியின் வாயைத் தரைக்குத் திருப்பினார். அதற்குப் பிறகுதான் பேசினார்.

"புதுசா வந்திருக்கற சாரா? பயப்படாதீங்க. காத்துத் துப்பாக்கி. பீச்சில பலூன் சுடறாங்களே, அதோட தம்பி."

பேசுவதற்காக உதட்டிலிருந்து எடுத்ததை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். இடுப்பு சிறுத்த ஈய ரவைகள், நான்கு. பதினேழு வருஷம் பட்டாளத்தில் தையல்காரராக இருந்தவர் அவர். குண்டூசிகளை உதட்டில் வைத்துக்கொண்டு வேலை செய்த பழக்கத்தில் ரவைகளையும் அங்கேதான் வைத்திருந்தார். ஈயம் உள்ளே போய்விடும் என்று அவர் மனைவி தினமும் திட்டினார். தினமும் திட்டு வாங்கிக்கொண்டு தினமும் வைத்துக்கொண்டார்.

தையலை விட்டதற்குக் காரணம் கண். கிட்டப் பார்வை போய்விட்டது. கண்ணாடி போட்டு நாள் முழுக்க மிஷினில் உட்கார்ந்தால் சாயங்காலம் தலை வெடித்தது. தூரப் பார்வை மட்டும் அப்படியே இருந்தது. "ஊசிக் காது தெரியல சார். ஏரிக்கரை மேல சைக்கிள்ல போறவன் சட்டையில எத்தனை பொத்தான் இல்லேன்னு சொல்லட்டுமா?" என்பார். சொன்னார், ஒரு நாள். நான் போய்ப் பார்க்கவில்லை.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி, சம்பளத் தேதிகளில் வங்கிக்குப் போய்வரும் வேனுக்குக் காவலாக அவரை எடுத்திருந்தது. விண்ணப்பத்தில் முன்னாள் ராணுவத்தினர் என்று எழுதினார். அது உண்மை. மேனேஜர் அதைப் படித்துவிட்டு, ரிவால்வர் சுடத் தெரியுமா என்று கேட்கவே இல்லை. இவரும் சொல்லவில்லை. பட்டாளத்தில் ரைபிள் சுட்டிருக்கிறார். ரிவால்வருக்கு உறை தைத்துக் கொடுத்திருக்கிறாரே தவிர உள்ளே இருப்பதைத் தொட்டதில்லை. ஆறு மாதம் தற்காலிகம், பிறகு ஒரு சுடும் தேர்வு, தேறினால் நிரந்தரம், தேறாவிட்டால் வீட்டுக்கு. இதுதான் ஒப்பந்தம். வீட்டில் கல்யாண வயதில் ஒரு பெண், பாலிடெக்னிக்கில் ஒரு பையன். வேறு வேலை எதற்கும் அவர் கண் ஒத்துழைக்காது.

கம்பெனி தோட்டாக்களை எண்ணி வைத்திருந்தது. பயிற்சிக்கு என்று ஒன்றுகூடத் தராது. அதனால்தான் காற்றுத் துப்பாக்கி.

யாராக இருந்தாலும் அப்படி ஒன்றை வாங்கிச் சுட்டுப் பார்த்திருப்பார்கள். இவர் செய்தது வேறு. அதைச் சொல்வதற்கு முன் அவருடைய வெறும் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எந்தக் காரியத்தையும் முதல் தடவையாகச் செய்வதில் அவருக்கு நம்பிக்கை கிடையாது. நிஜத்துக்கு முன்னால் போலி ஒன்று நடந்தாக வேண்டும். வெளியூர் போவதென்றால் முதல் நாளே காலிப் பெட்டியோடு அம்பத்தூர் ஸ்டேஷன் போய், மின்சார ரயில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, எட்டாவது பிளாட்பாரம் வரை நடந்து, நிமிஷத்தைக் குறித்துக்கொண்டு திரும்புவார். மறுநாள் சாமான் நிறைந்த பெட்டி கனத்தது. குறித்து வைத்த நேரத்தில் நடக்க முடியவில்லை, ரயில் போய்விட்டது. வேறொருவர் என்றால் அந்த வழக்கத்தை விட்டிருப்பார். அடுத்த தடவை அவர் காலிப் பெட்டியில் செங்கல் வைத்து எடுத்துப்போனார்.

செங்கல்லைத் திரும்ப இறக்கி வைக்கும்போது அவர் மனைவி சுவரோரம் நின்ற என்னிடம் சொன்னார்: "இன்னா சார் சிரிக்கிறீங்க? இந்த மனுசன் சாவறதுக்கு மின்னாடி ஒரு தபா செத்துப் பாத்துட்டுத்தான் சாவும்." அந்த அம்மா பூந்தமல்லியில் பிறந்து வளர்ந்தவர். கணவர் காதில் விழும்படிதான் எதையும் சொல்வார்.

பழைய மொபெட் ஒன்று வாங்கியபோது பதினைந்து நாள் அதைக் கொல்லையில் ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, எஞ்சினை முடுக்காமல் ஏறி உட்கார்ந்து ஓட்டினார். வளைவில் கை காட்டினார். லாரி வருவதாக வைத்துக்கொண்டு பிரேக் பிடித்தார். ஒரு நாள் யாரையோ பார்த்துத் தலையசைத்தார். யாரை என்று கேட்டேன். வழியில் தெரிந்தவர் வந்தால் கையை எடுக்காமல் வணக்கம் சொல்லப் பழக வேண்டாமா என்றார்.

பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் முதல் நாள் சாயங்காலம் என்னையும் என் மனைவியையும் கூப்பிட்டார். நாங்கள்தான் மாப்பிள்ளையின் அப்பா அம்மா. கூடத்தில் பாய் விரித்து உட்கார வைத்தார். பெண் தட்டோடு வந்தாள். தட்டில் ஒன்றும் இல்லை. சொஜ்ஜி இருப்பதாக நாங்கள் வைத்துக்கொள்ள வேண்டும். "கஷ்டமா கேளுங்க சார், சும்மா கேளுங்க" என்று என்னைத் தூண்டினார். பெண் வேலைக்குப் போவாளா, நகை எவ்வளவு, உங்கள் பையன் படிப்பு முடிந்ததும் யார் பொறுப்பு என்று கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, சரியாக வரவில்லை, திரும்பக் கேளுங்கள் என்பார். மூன்றாவது சுற்றில் அந்தப் பெண் காலித் தட்டைக் கீழே வைத்தாள்.

"இந்த மாப்ள ஊடே நல்லாத்தான் கீதுப்பா. இவங்களையே பேசி முட்ச்சிடேன்."

மறுநாள் வந்த நிஜச் சம்பந்தி இதில் ஒரு கேள்வியையும் கேட்கவில்லை. ஒரு மணி நேரம் போர்வெல் தண்ணீரின் உப்பைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார். அந்த இடம் அமையவில்லை. அடுத்து வருகிறவர்களுக்காக இவர் தண்ணீர் பற்றியும் தயார் செய்துகொண்டார்.

கடையில் வாங்கி வந்தபோது காற்றுத் துப்பாக்கி பார்க்க விளையாட்டுச் சாமான் மாதிரி இருந்தது. எடை இல்லை, பிடி ஒல்லி. செங்கல் இல்லாத பெட்டி. கம்பெனியின் ரிவால்வர் தேர்வில் தேறும்வரை கைக்கு வராது, இரும்பு அலமாரியில் பூட்டிக் கிடந்தது. சூப்பர்வைசரைக் கெஞ்சி ஒரு மத்தியானம் அதை மேசைமேல் வைக்கச் சொல்லி, கழுத்திலிருந்த நாடாவை எடுத்து அளந்து, தையல் அளவு எழுதும் நோட்டில் குறித்துக்கொண்டார். அந்த அளவு நோட்டை நான் பார்த்திருக்கிறேன். ஒரு பக்கத்தில் யாருடைய சட்டைக்கோ தோள், கை, கழுத்து. எதிர்ப்பக்கத்தில் ரிவால்வருக்கு நீளம், பிடியின் சுற்றளவு, விசைக்கும் பிடிக்கும் நடுவே விரல் போகும் இடம். கம்பெனியில் பார்சல் நிறுக்கும் தராசிலேயே எடையையும் பார்த்துக்கொண்டார்.

பிறகு வேலை நடந்தது. தச்சரிடம் தேக்குத் துண்டு வாங்கி, அளவுப்படி பிடி செதுக்கினார். பிடிக்குள் ஈயம் வார்த்தார். உருளை இருக்க வேண்டிய இடத்தில் தகரத்தை வளைத்து ஒட்டினார், ஆறு குழியும் வரைந்தார். அடுப்புக்கரியும் எண்ணெயும் தேய்த்துக் கறுப்பாக்கினார். இரண்டு வாரம் கழித்து அதைக் கையில் வாங்கினபோது நான் என்னை அறியாமல் அதைத் தரையைப் பார்க்கத் திருப்பினேன். அவருக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

குழலின் கீல் தளர்ந்துவிட்டது என்று ஒரு நாள் அதை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு பூந்தமல்லிக்குப் பஸ் ஏறினார். பட்டறைக்காரரிடம் காட்டுவதற்கு. பஸ் குலுங்கியதில் பிடி வெளியே எட்டிப் பார்த்தது. கண்டக்டர் டிக்கெட் கிழிக்க வந்தவர் கிழிக்காமல் நின்றார்.

"இன்னா நைனா, பஸ்ஸ கட்த்திகினு போப்போறியா?"

இவர் பூந்தமல்லிக்கு ஒன்று கொடுக்கச் சொன்னார். கண்டக்டர் கொடுத்தார். கொடுத்துவிட்டு டிரைவரிடம் போய்ப் பேசினார். வழியில் இருந்த ஒரு போலீஸ் நிலையத்தின் வாசலில் பஸ் நின்றது. ஏட்டு வந்து பையைத் தொடாமல், இவரையும் தொடாமல் இறங்கச் சொல்லி, உள்ளே உட்கார வைத்தார். பெயர், ஊர், ரெஜிமென்ட் எல்லாம் எழுதிக்கொண்டார். கடைசியில் யாரோ பையைக் கொண்டுவந்து மேசையில் வைக்க, ஏட்டு குழலை மடக்கிப் பார்த்து, உள்ளே ஊதிப் பார்த்து, "சீ, ரவை போடறது" என்று திருப்பிக் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பிறகு நடந்த மகள் கல்யாணத்தில்கூட நான் பார்க்கவில்லை. "பத்து நிமிஷம் சார். ஒரு ஏட்டு, சர்வீஸ்ல இருக்கறவரு, பத்து நிமிஷம் நம்பினாரு."

தேர்வின் விதி இது: விசில் ஊதியதும் இருபது விநாடிக்குள் ஆறு குண்டு. நிஜ ரிவால்வரில் ஆறும் உருளைக்குள் இருக்கும், விசையை அழுத்திக்கொண்டே போகலாம். காற்றுத் துப்பாக்கியில் ஒவ்வொரு தடவையும் குழலை மடக்கி ரவை போட வேண்டும். இவர் கணக்கு போட்டார். மடக்கி, ரவை போட்டு, நிமிர்த்தியே இருபது விநாடியில் ஆறு சுட்டுவிட்டால் நிஜத்தில் பாதி நேரம் மிச்சம்.

நான் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று விசில் ஊத வேண்டும், நேரம் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு அதுதான் வேலை. முதலில் இருபத்து நான்கு விநாடி ஆயிற்று. பிறகு இருபத்திரண்டு. ஐந்தாவது மாதம் பத்தொன்பதுக்கு வந்துவிட்டார். கடைசி நாட்களில் இடது கை எழுவதையும் உதட்டுக்குப் போவதையும் தனித்தனியாகப் பார்க்க முடியவில்லை, ஒரே வீச்சாகத் தெரிந்தது. அட்டையில் ஆறும் கறுப்பு வட்டத்துக்குள் இருந்தன. "இப்ப நான் சுடறதில்ல சார். கைதான் சுடுது. நான் சும்மா பக்கத்துல நிக்கறேன்" என்றார்.

தேர்வு ஒரு ஞாயிறு காலை எட்டு மணிக்கு, ஆவடிக்கு வெளியே மண்மேடு வைத்த ஒரு சுடுதளத்தில். காவலர்கள் எட்டுப் பேர். நடத்தியவர் ஓய்வுபெற்ற சுபேதார், குரலை உயர்த்தாதவர். இவர் என்னையும் வரச் சொல்லியிருந்தார். முதல் நாளே மொபெட்டில் போய் இடத்தைப் பார்த்துவிட்டு வந்திருந்தார் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

நான்காவதாக இவர் முறை. விசில். முதல் குண்டு வெடித்தது. நிஜத் துப்பாக்கியின் சத்தம் எனக்குப் பழக்கமில்லை, உடம்பு தூக்கிப் போட்டது. அட்டையில் கறுப்பு வட்டத்தின் நடுவில் ஓட்டை.

அடுத்த கணம் இடது கை எழுந்தது. ரிவால்வரின் குழலைப் பிடித்துக் கீழே இழுத்தது. குழல் மடங்கவில்லை. கை இன்னொரு தரம் இழுத்தது. பிறகு உதட்டுக்குப் போய் இரண்டு விரலால் எதையோ தேடியது. அங்கே ஒன்றும் இல்லை. இல்லாததை எடுத்துக்கொண்டு திரும்பவும் குழலுக்கு வந்தது. இந்த முறை உள்ளங்கை குழலின் வாயை மூடியிருந்தது. வலது ஆள்காட்டி விரல் விசையில் இருந்தது. உருளைக்குள் ஐந்து தோட்டா.

பின்னால் நின்ற சுபேதார் ஒரே எட்டில் வந்து வலது மணிக்கட்டைப் பிடித்து மேலே தூக்கினார். ரிவால்வரை விரல் விரலாகப் பிரித்து வாங்கினார். வரிசையில் நின்ற பூந்தமல்லிக்காரக் காவலர் ஒருவர் கேட்டார்: "அண்ணாத்தே, வாயில இன்னா தேடிகினு இருந்த?"

எல்லாரும் சிரித்தார்கள். சுபேதார் சிரிக்கவில்லை.

"நீ யாரைச் சுடறதா இருந்தாலும் முதல்ல உன் கையைச் சுட்டுட்டுத்தான்யா அவனைச் சுடுவே. உன்னைத் தேறினவன்னு நான் எழுத மாட்டேன்."

மேனேஜர் பதினைந்து நாள் கொடுத்தார். அதற்குள் சரிசெய்து காட்ட வேண்டும், இல்லையென்றால் வேறு ஆள்.

திரும்பும் வழியில் ஒரு டீக்கடையில் நின்றோம். அவர் கிளாசை இடது கையால் வாங்கி, குடிக்காமல் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் சொல்லிக் குடுத்ததைத்தான் சார் செஞ்சுது. அது மேல தப்பு சொல்ல முடியாது" என்றார்.

கையை மறக்கடிக்கச் செய்தவையெல்லாம் வீணாயின. பையில் விட்டுக்கொண்டார், பையிலிருந்து எழுந்தது. முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார், அங்கிருந்தும் வந்தது. செங்கல்லைப் பிடித்துக்கொண்டார். 'டப்' என்றதும் செங்கல் காலில் விழுந்தது. நான் விசில் ஊதினால் போதும், துப்பாக்கியே இல்லாமல் கை கிளம்பியது. ஆறு நாள் இப்படிப் போயிற்று. ஏழாம் நாள் காலை சாப்பிடும்போது மனைவி அவர் இலையைப் பார்த்துக்கொண்டே, "அத்த கட்டிப் போடேன். மாட்ட எப்பிடி கட்றாங்க?" என்றார்.

அவர் பாதியில் எழுந்து போய் மிஷினின் மூடியைத் திறந்தார். கண்ணாடி போட்டுக்கொண்டு, யூனிபார்ம் கால்சட்டையின் இடது இடுப்பில், பெல்ட் போகும் இடத்துக்குக் கீழே, தடித்த காக்கித் துணியில் ஒரு வளையம் வைத்துத் தைத்தார். கட்டை விரல் உள்ளே போகும், லேசில் வெளியே வராது. ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு ஓட்டுத் தையல்.

இடது கை அங்கே மாட்டிக்கொண்டால் காற்றுத் துப்பாக்கிக்கு ரவை போடுவது யார்? மனைவி போட்டார். மிச்சமிருந்த ஒன்பது நாளும் காலையில் அந்தக் கொல்லையில் நடந்ததைப் பார்க்க ஏரிக்கரையில் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்தினார்கள். இவர் கட்டை விரலை இடுப்பில் மாட்டிக்கொண்டு வலது கையை நீட்டியபடி சிலைபோல நிற்பார். 'டப்' என்றதும் அந்த அம்மா எட்டிப் பிடித்து, இரண்டு கையாலும் குழலை மடக்கி, ரவையைத் திணித்து, நிமிர்த்திவிட்டு விலகுவார். ரவைகளை முந்தானையில் முடிந்திருந்தார். "மெதுவா நீட்டு, என் கண்ணக் குத்தாத" என்று நடுவில் ஒரு குரல். ஆறு சுட்டு முடிக்க ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆயிற்று. அவர் நேரமே கேட்கவில்லை.

இரண்டாவது தேர்வில் அவர் ஒருவர்தான். மேனேஜரும் வந்திருந்தார். இவர் கட்டை விரலை வளையத்துக்குள் விட்டுக்கொண்டு, சுபேதாரைப் பார்த்துத் தலையசைத்தார்.

விசில். முதல் குண்டு. இடது முழங்கை வெட்டி இழுத்தது. இடுப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து நேரானது. இரண்டாவது. முழங்கை திரும்பவும் இழுத்தது. மூன்றாவது குண்டில் தையல் 'சரக்' என்றது எனக்கே கேட்டது. வளையம் விடவில்லை. நான்கு, ஐந்து, ஆறு. பதினொரு விநாடி. நான்கு குண்டு கறுப்பு வட்டத்துக்குள், இரண்டு வெளியே, ஆறும் அட்டையில். தேறுவதற்கு நான்கு போதும்.

சுபேதார் ரிவால்வரை வாங்கி, உருளையைத் திறந்து காலி உறைகளை எண்ணி எடுத்த பிறகு, அவர் இடுப்பைப் பார்த்தார்.

"இடது கை?"

"தைச்சிட்டேன் சார்."

சுபேதார் காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். இவர் விரலை வெளியே எடுக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. கட்டை விரலின் அடியில் தோல் உரிந்திருந்தது.

அடுத்த வருஷம் அந்தக் கம்பெனி காவலர்களுக்குப் புது யூனிபார்ம் தைக்கப் பூந்தமல்லியில் ஒரு கடைக்குக் கொடுத்தது. மாதிரிக்கு நன்றாகத் தைத்த கால்சட்டை ஒன்று வேண்டும் என்று கடைக்காரர் கேட்டார், இவருடையதைக் கொடுத்தனுப்பினார்கள். இருபத்து மூன்று காவலர்களுக்குத் தைத்து வந்த நாற்பத்தாறு கால்சட்டைகளிலும் இடது இடுப்பில் நான்கு ஓட்டுத் தையலோடு ஒரு வளையம் இருந்தது.